ஒழுகும் தொட்டியில் ஒரு ராஜவாழ்க்கை

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே ஓரடி ஆழத்துக்குக் காகிதத் துகளும் வைக்கோலும். இதைவிட அழகான சாமான் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. தறியில் பாதி நெய்து நிற்கும் மாம்பழ நிறப் புடவையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டாம்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் திருப்பருத்திக்குன்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே திரைலோக்கியநாதர் சமணக் கோயிலுக்காகத்தான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, தெரிந்தவர்களாக இருந்தால் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார்கள். முன்பெல்லாம் பேச்சு ஓவியத்தைப் பற்றி இருக்கும், இல்லாவிட்டால் தறியில் கோர்வை போடுவதைப் பற்றி. இப்போது கூடத்துக்குள் கால் வைத்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். காபி ஆறிப்போகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தொட்டியில் குடியிருப்பவள் ஜரிகை. பொன்னிற சிரியா ஹாம்ஸ்டர். முதுகை மட்டும் பார்த்தால் யாருமே வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். வெளிநாடு போன உறவுக்காரப் பையன் ஒருவன், கடையில் கொடுத்த கூண்டோடு அவளைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போனான். அந்தக் கூண்டு எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ரகம்தான்: ஒன்றரை அடி நீளம், சுற்றிலும் கம்பி, ரோஸ் நிறக் குழாய்கள், மூன்று மாடி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். பார்க்க ஜோராக இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை கம்பியைக் கடிப்பாள். கரக், கரக், கரக். விளையாடுகிறது என்றார்கள், பல் வளருகிறது என்றார்கள். இடம் போதாத ஹாம்ஸ்டரின் சத்தம் அது.

நான் சும்மா சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான ஆய்வில் சில ஹாம்ஸ்டர்களுக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுகை போட்டார்கள், சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 80. ஆழம் குறைந்த கூண்டில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. அடுத்த ஆண்டு அதே குழுவினர் கூண்டின் தரைப்பரப்பை வைத்தும் சோதித்தார்கள். 10,000 சதுர சென்டிமீட்டர் இடம் கிடைத்தவை, நெருக்கடியில் இருந்தவற்றைவிடக் குறைவாகக் கடித்தன. இதைப் படித்த அன்றைக்கே அந்த ரோஸ் குழாய் மாளிகையைக் காயலான் கடைக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டேன். மாடியும் குழாயும் நம் கண்ணுக்கு. ஹாம்ஸ்டருக்கு வேண்டியது பரந்த ஒரே தளம், அதற்குக் கீழே தோண்டத் தோண்டத் தீராத ஆழம்.

சிரியாவில் அலெப்போ பக்கத்து வயல்களில் இந்த இனத்தின் வளைகளைத் தோண்டி அளந்தவர்கள் 2001-ல் எழுதிய கணக்கு: சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர், ஆகக் கீழே போனது 106. உள்ளங்கைக்குள் அடங்குகிற உயிர், ஒரு மீட்டருக்கும் கீழே அறை கட்டி, தானியம் சேர்த்து, கதவை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்குகிறது. அதைப் பிடித்து மூன்றாம் மாடியில் பிளாஸ்டிக் தட்டில் படுக்கவைக்கிறோம்!

ஹாம்ஸ்டர்கள் நம் வீடுகளுக்கு வந்த கதையே ஒரு கூண்டுக் கதைதான், கேளுங்கள். காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை 1903-ல் லண்டனில் லீஷ்மன் என்பவர் அறிவித்தார். அதே ஆண்டு நம் சென்னையில் சார்லஸ் டோனவன் அதை நோயாளிகளிடம் கண்டு எழுதினார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தக் கிருமி இன்றும் அழைக்கப்படுகிறது. ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கிருமிக் குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்குச் சோதனைக்கு ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. சீனத்து ரகம் கூண்டில் குட்டி போடவில்லை. 1930-ல் அவருக்காக விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி அலெப்போ அருகே ஒரு வயலில் தோண்டச் சொன்னார். சுமார் எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினோரு குட்டிகளும் கிடைத்தன. பிழைத்த குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோய் மரத்தளம் போட்ட கூண்டில் வைத்தால், இரவோடு இரவாக ஐந்து குட்டிகள் தளத்தைக் கொறித்து ஓட்டம். மிஞ்சியவற்றைப் பராமரித்த ஹைம் பென்-மெனாஹெம், பெரிய கம்பிவலைக் கூண்டு ஒன்றில் வைக்கோலை இறுக இறுக அடைத்து உள்ளே விட்டார். அதற்குள் புகுந்து குடைந்து, நிம்மதியாகி, குட்டி போட்டன. இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரே வளையின் வாரிசுகள். வைக்கோல் அடைத்த கூண்டு இல்லாவிட்டால் ஜரிகை இல்லை! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். ஜெர்மனியில் விலங்கு நலனுக்கான கால்நடை மருத்துவர் சங்கம் ஹாம்ஸ்டருக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். இங்கே அப்படிப்பட்ட கூண்டு கேட்டால் நாய்க் கூண்டைக் காட்டுகிறார்கள். அதனால் என் புத்தி மீன்தொட்டிப் பக்கம் போனது. சென்னையில் கொளத்தூர் முழுக்க வண்ணமீன் கடைகள். கேட்ட அளவில் தொட்டி ஒட்டித் தருவார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தொட்டிகளும் கிடைக்கும். நான் தேடியது ஒழுகும் தொட்டியை. ஆமாம், ஒழுகுவதைத்தான்! தண்ணீர் நிற்காத தொட்டியை மீன் வளர்ப்பவர் தொடமாட்டார், விலை தரையில் கிடக்கும். ஹாம்ஸ்டருக்குத் தண்ணீர் எதற்கு?

புதிதாகச் செய்யச் சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மீனுக்குப் போடுகிற கனமான கண்ணாடி இதற்கு வேண்டாம், தண்ணீரின் அழுத்தம் இல்லையே. நாலுக்கு இரண்டுக்கு இரண்டு தொட்டியை 8 மில்லி கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே அறுபது கிலோ வரும். 5 மில்லியில் நாற்பதுக்குள் முடிந்துவிடும். ஒட்டின பசையின் புளித்த காடி வாசனை முழுக்கப் போகும்வரை திறந்து ஆறப்போடுங்கள். அடியில் ஒரு தெர்மாகோல் பலகை, அதற்குக் கீழே உறுதியான இரும்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். பாட்டி காலத்துப் பலகார அலமாரிக்கு வைத்தது போலத்தான், எறும்புக்காக.

மூடி செய்யப் போனதுதான் கூத்து. கிரில் பட்டறைத் தம்பியிடம் அளவு கொடுத்தேன்.

“கோழிக்காக்கா?”

“இல்லப்பா, எலி மாதிரி ஒண்ணு.”

“அப்ப பொறியா?”

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் டீயே வந்துவிட்டது. ஆனால் என்ன கைவேலை! எங்கள் வீட்டில் பிரித்துப்போட்ட பழைய தறியின் மரச்சட்டத்தையே இழைத்து நான் கொடுக்க, அதில் நெருக்கமான இரும்பு வலையை இழுத்து அடித்து, நடுவில் மடக்கித் திறக்கிற மாதிரி கீல் வைத்து, பூனை தட்டினாலும் திறக்காத கொண்டி போட்டுத் தந்துவிட்டார். மேல்பக்கம் முழுவதும் வலையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடித் தொட்டிக்குக் காற்று வர அது ஒன்றே வழி.

என் மாமியார் தொட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். “ஏம்மா, எலிக்கு எதுக்கு இம்மாம் பெரிய ஊடு? பெருமாள் கோயில் பல்லிகூட ஓரமா ஒட்டிக்கினுதானே இருக்குது.”

“அது தங்கப் பல்லி அத்தை, நகராது. இது ஓடும்.”

அடுத்து படுகை. இதில்தான் என் உயிரே இருக்கிறது. அச்சு மை இல்லாத காகிதத்தைத் துகளாக்கியது முக்கால் பங்கு, தூசு தட்டிய நல்ல வைக்கோல் கால் பங்கு. இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சுரங்கம் நிற்காது, சரிந்துவிடும். வைக்கோல்தான் உத்திரம் மாதிரி தாங்குகிறது. ஒரு பக்கம் ஓரடிக்கு மேல், மறு பக்கம் சரிவாக இறங்கி அரையடி. மரத்தூள் வேண்டவே வேண்டாம், மூக்கில் ஏறும். தேவதாரு, பைன் சீவல்களின் வாசனை நமக்குப் பிடித்தாலும் ஹாம்ஸ்டரின் நுரையீரலுக்கு ஆகாது. பஞ்சும் கூடாது. நெசவு வீடுகளில் இதற்குமேல் இன்னொரு ஆபத்து உண்டு: பட்டு இழை. பாவு பிணைக்கும்போது விழும் துண்டு இழைகள் மெத்தை போல இருக்கின்றன, கூடு கட்டக் கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். காலில் சுற்றினால் இறுகிக்கொண்டே போகும், அறுபடாது. அதன் உறுதியைப் பற்றி எங்களுக்கா சொல்ல வேண்டும்? விழுங்கினால் குடலை அடைக்கும். கூடு கட்ட வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள், போதும்.

பதிலுக்கு நெசவு வீட்டில் கிடைக்கிற புதையல் ஒன்று உண்டு. தறியில் டிசைன் இறக்கும் ஜக்கார்டு அட்டை! ஓட்டை ஓட்டையாகத் துளைத்த, தேய்ந்து ஒதுக்கிய, எண்ணெய்க் கறை இல்லாத அட்டைகளாகப் பொறுக்கி எடுத்து, வளைத்துப் பாலம் மாதிரி நிறுத்தினேன். ஒரு காலத்தில் எந்தக் கல்யாணப் பெண்ணின் முந்தானையிலோ மயிலாக இறங்கிய அட்டை. ஜரிகை அதை விளிம்பிலிருந்து பூப்பூவாகக் கொறித்துத் தன் அறைக்குள் இழுத்துப்போய்விட்டாள். மயில் டிசைனில் மெத்தை வைத்திருக்கும் ஹாம்ஸ்டர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

கனமான எதையும் படுகையின் மேல் நேராக வைக்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கீழே சுரங்கம் தோண்டுகிறவள் மேல் கல் இறங்கினால் என்ன ஆகும்? மண்சட்டி, சக்கரம், மணல் தட்டு எல்லாம் நாலு கால் பலகை மேல் நிற்க வேண்டும். அந்தக் கால்கள் படுகையைத் துளைத்துப்போய்க் கண்ணாடித் தரையில் ஊன்றியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது மண் உண்டியல். குயவரிடம் போய், சுடுவதற்கு முன்பே பக்கவாட்டில் 7 சென்டிமீட்டர் வட்டமாக வாசல் வெட்டி, அடியைத் திறந்துவிட்டுக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடியும் இல்ல, பக்கமும் ஓட்ட. காசு எங்கம்மா நிக்கும்?” கன்னப் பைகளில் தானியத்தை நிரப்பிக்கொண்டு வரும்போது முகம் இரண்டு மடங்கு ஆகிவிடும். வாசல் சின்னதாக இருந்தால் சிக்கிக்கொள்ளும். அடி திறந்திருந்தால், பலகையில் அதே இடத்தில் வெட்டிய ஓட்டை வழியாக வீட்டுக்குள்ளிருந்தே சுரங்கத்துக்கு இறங்கலாம். சுட்ட மண் மூச்சுவிடும், குளிர்ச்சியாகவும் இருக்கும். பிளாஸ்டிக் வீட்டில் வேர்த்து ஈரம் கட்டும். அகல் விளக்கு ஒன்று தண்ணீர்க் கிண்ணம், இன்னொன்று பலகாரத் தட்டு. ஜரிகைக்குத் தினமும் கார்த்திகைதான்.

மணல் குளியலுக்கு எம் சாண்ட் எடுக்காதீர்கள். கல்லை உடைத்த பொடி அது, முனை கூர், தூசு அதிகம். வீடு கட்டி மிச்சம் வைத்திருந்தவர்களிடம் ஒரு சட்டி பழைய ஆற்றுமணல் வாங்கினேன். சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, வாணலியில் வறுத்து ஆறவைத்தேன். உருண்டு தேய்ந்த மணல். அகலமான தட்டில் கொட்டியதும் அவள் விழுந்து புரண்ட புரளலைப் பார்க்க வேண்டுமே! முதுகைத் தேய்த்து, பக்கம் மாறி, மறுபடி தேய்த்து, எழுந்து உதறிவிட்டு, திரும்பவும் விழுந்து. எண்ணெய்ப் பிசுக்கு போய் ரோமம் பளபளக்கிறது. தண்ணீரில் குளிப்பாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சக்கரம் மட்டும் கடையில்தான் வாங்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் ஆகாது. 28 சென்டிமீட்டர் விட்டம், ஓடுகிற பரப்பு இடைவெளி இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். கம்பி கம்பியாக இருந்தால் கால் மாட்டும். ஓடும்போது முதுகு நேராக இருந்தால் அளவு சரி, வில்லாக வளைந்தால் சக்கரம் சின்னது. பேரிங் வைத்த சக்கரத்தில் சத்தமே வராது. ஒரு ராத்திரியில் பல கிலோமீட்டர் ஓடுவாள். இங்கிருந்து கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருப்பாள் என்று காலையில் கணக்குச் சொல்லிக்கொள்வோம்.

சாப்பாட்டில் நமக்கு யோகம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிற சிறுதானியங்கள் நம் மளிகைக் கடையில் இருக்கின்றன: தினை, சாமை, கம்பு, குதிரைவாலி. கிண்ணத்தில் வைக்காமல் படுகை மேல் தூவிவிட்டால் தேடித் தேடிப் பொறுக்குவாள். வெள்ளரித் துண்டு, துளி அவித்த முட்டை, எப்போதாவது ஒரு சூரியகாந்தி விதை. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, சாக்லேட் கிட்டேயே போகக் கூடாது. காஞ்சிபுரம் இட்லியும்தான். மிளகும் சுக்கும் நமக்கு.

இனி கத்திரி வெயில். மே மாதத்தில் காஞ்சிபுரம் 40 டிகிரியைத் தாண்டும். ஹாம்ஸ்டருக்குச் சுகம் 20-லிருந்து 24 வரை, 28-க்கு மேல் போனால் திணறல். நம்மைப் போல வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள ஹாம்ஸ்டரால் முடியாது. அதனால் தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் மருந்து. எங்கள் வீட்டின் பழைய கனத்த சுவர், வடக்குப் பக்கம், வெயில் எந்த நேரத்திலும் எட்டாத மூலை. மாடி அறையும் தகரக் கொட்டகையும் கனவிலும் கூடாது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறோம். மின்விசிறி அறையில் சுற்றலாம், தொட்டிக்குள் நேராக அடிக்கக் கூடாது. மூடி மேல் ஈரத் துணியைப் போர்த்திக் காற்றை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேக வைக்கிற வேலை.

உள்ளே என் பெருமைக்குரிய ஏற்பாடு கடப்பாக் கல். சமையல் மேடை போட்டு மிஞ்சிய துண்டு. படுகை போடும் முன்பே கண்ணாடித் தரையில் ஒரு மூலையில் கிடத்திவிட்டேன். அதற்கு மேல் படுகை. வெயில் ஏறினால் ஜரிகை தானே சுரங்கம் வழியாக இறங்கிக் கல்லைத் தொட்டுக்கொண்டு வயிறு பரப்பிப் படுக்கிறாள். நடு மத்தியானத்தில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, அதே மூலையில் வெளிப்பக்கமாகக் கண்ணாடியில் சாய்த்து வைப்பேன். குளிர் வேண்டுமானால் அந்தப் பக்கம், வேண்டாமென்றால் இந்தப் பக்கம். நாலடி நீளத்தின் மகிமை இதுதான், ஒன்றரை அடிக் கூண்டில் ஒதுங்கப் பக்கமே கிடையாது. ராத்திரி ரொம்பப் புழுங்கினால் தொட்டி இருக்கிற அறையில் ஏசி போடுகிறோம். போன கோடையில் மொத்தக் குடும்பமும் அந்த அறையில்தான் பாய் விரித்தது. எலி புண்ணியத்தில் தூக்கம் என்று மாமியாரே சொன்னார்.

எல்லாம் செய்தும் துவண்டு கிடந்தால், எச்சில் ஒழுகினால், நிழலுக்கு மாற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். சின்னப் பிராணிகளைப் பார்க்கிறவர் யார் என்று முன்னமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இடம் என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. அதுவும் 1903-ல் தொடங்கியதுதான், டோனவன் கிருமியைக் கண்ட அதே வருஷம்!

சுத்தம் செய்வது இத்தனை பெரிய தொட்டியில் லேசு. எப்போதும் ஒரே மூலையில் சிறுநீர் கழிப்பாள். அந்த இடத்துத் துகளை மட்டும் அள்ளிப் புதிது போட்டால் சரி. மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் தன் வாசனை தொலைந்து கலங்கிப்போவாள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதில் பாதியை வைத்துக்கொண்டு கலக்க வேண்டும். துணைக்கு இன்னொன்று விடலாமே என்று கேட்காதீர்கள். வளர்ந்த சிரியா ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. ஜோடியாக விட்டால் ரத்தக்களரி.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வாருங்கள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சாமி படத்துக்கு மேலே இருக்கும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை மட்டும் எரியவிடுவோம். சிவப்பு வெளிச்சம் அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இருட்டு என்று நினைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு நடமாடுவாள். முன்கண்ணாடியை ஒட்டியே சுரங்கம் தோண்டியிருக்கிறாள். மேல் வரியில் ஒரு அறை, அதில் தினை குவியல். அடுத்த வரியில் மயில் மெத்தை. அதற்கும் கீழே கல்லை நோக்கி இறங்கும் பாதை. மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் கதையை வரி வரியாகத் தீட்டியிருக்கிறார்களே, அப்படி ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே போகலாம், கழுத்து வலிக்காமல். புது வீட்டுக்கு வந்தபின் அவள் கம்பியைத் தேடவே இல்லை.

பக்கத்து வீட்டு நயினார் பேரனுக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. சூரியன் சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்காருகிறான். முதலில் தொட்டி, பிறகுதான் ஹாம்ஸ்டர் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒழுகும் தொட்டி ஒன்று சிக்கிவிட்டது. கிரில் பட்டறைத் தம்பிக்குப் போன் போட்டேன், அளவு கேட்கவே இல்லை. “அதே நாலுக்கு ரெண்டுதானேக்கா? கொண்டி இந்தத் தடவ ரெண்டா போட்டுர்றேன். அவங்க வூட்டுல பூன ரெண்டு.”